கட்டுரைகளைக் கோத்துக் கலாநிதிப் பட்டம்: முழுப்பேரா, அரைப்பேரா?

2024 பெப்ரவரி 11, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

பண்டாரவளையில் புவியியல் கற்பிக்கிறேன். முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) முடித்து ஆறு வருடமாகிறது. வெளிவந்த கட்டுரைகள் மூன்று கையில் இருக்கின்றன, நாலாவது பரிசீலனையில் இருக்கிறது. "இவற்றையே கோத்து ஒரு முன்னுரை எழுதிக் கொடுத்தால் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் தருவார்கள், முந்நூறு பக்கம் எழுதி ஏன் மாய்கிறீர்கள்?" என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்கென்னவோ இது பின்கதவாகப் படுகிறது. ஆய்வேடு என்றால் உட்கார்ந்து எழுதிய ஒரே நூலாக இருக்க வேண்டாமா? பழைய கட்டுரைகளைத் தைத்துக் கொடுப்பவரை எந்த வாயால் கலாநிதி என்று அழைப்பது? அந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 11, இரவு

போனவள் நான். பின்கதவு என்கிறீர்கள். எனக்கு வாய்த்தவை நாலு கதவுகள். நாலிலும் முன்பின் தெரியாத காவல்காரர்கள் உட்கார்ந்துகொண்டு, இவளை உள்ளே விடலாமா என்று மாதக்கணக்கில் யோசித்தார்கள். முதல் கட்டுரை இரண்டு சஞ்சிகைகளில் திரும்பிவந்து மூன்றாவதில் ஏறுவதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அந்தக் காலத்துக்குள் ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பலமுறை நடந்தே போய்வந்திருக்கலாம். ஒரே நூலாக எழுதுகிறவரை மூன்று பேர் ஒருநாள் பரீட்சிக்கிறார்கள். என்னைப் பரீட்சித்தவர்களை எண்ணி முடியவில்லை.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டொன்று மேசையில் முறைத்துக்கொண்டிருக்கிறது.

2024 பெப்ரவரி 13

உங்கள் நண்பர் இரண்டு சங்கதிகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார்.

ஏற்கெனவே வெளிவந்தவற்றைப் பின்னர் திரட்டிக் கொடுப்பது ஒன்று. பிரித்தானியாவில் சில பல்கலைக்கழகங்கள் இதற்கு இடம்கொடுக்கின்றன, அதுவும் பெரும்பாலும் தங்கள் பழைய மாணவருக்கும் தங்கள் ஊழியருக்கும். ஜப்பானில் மாணவராகப் பதியாமலே ஆய்வேட்டைக் கொடுத்துக் கலாநிதியாகும் வழி நெடுங்காலமாக உண்டு. ‘ரோன்புன் ஹகாசே’ என்பார்கள்.

மற்றது நான் போன வழி. முதல் நாளே மாணவராகப் பதிந்து, மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து ஆய்வை நாலைந்து கட்டுரைகளாகத் திட்டமிட்டு, ஒவ்வொன்றாக அச்சேற்றி, கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் நீண்ட முன்பகுதியை எழுதிச் சேர்ப்பது. சுவீடன், நோர்வே, பின்லாந்து, டென்மார்க், நெதர்லாந்து எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். ஜெர்மனியிலும் உண்டு. நான் படித்தது சுவீடனில். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே மலையில் என்று ஏற்பாடு. அங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. அது இல்லாதிருந்தால் இந்த இழையில் எழுத எனக்கு ஒன்றும் இருந்திராது.

அந்த இணைப்புப் பகுதியைச் சுவீடன்காரர்கள் ‘கப்பா’ என்கிறார்கள். மேலங்கி என்று அர்த்தம். முதல்முறை கேட்டபோது எனக்கு அம்மாவின் கொங்காணிதான் கண்ணில் வந்தது. மழையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது தலையிலிருந்து முதுகு வரைக்கும் மடித்துப் போட்டிருப்பார். உள்ளே என்ன கந்தல் இருந்தாலும் வெளியே அந்த ஒன்றுதான் தெரியும். கப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான்.

வெளிவந்த புத்தகத்தையே ஆய்வேடாகக் கொடுத்தவர்களில் தத்துவஞானி விட்கென்ஸ்டைனை மிஞ்ச ஆளில்லை. 1922இல் கேம்பிரிட்ஜில் தன் அச்சிட்ட நூலையே நீட்டிப் பட்டம் வாங்கிக்கொண்டு போனார். பரீட்சகர்களின் தோளில் தட்டிக்கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. எங்கள் பக்கம் தட்டிப் பாருங்கள்.

2024 பெப்ரவரி 14

நேற்று எழுதியதில் இரண்டு பிழைகள்.

1922 அந்நூலின் ஆங்கிலப் பதிப்பு வந்த வருடம், ஜெர்மன் மூலம் 1921. அதை ஆய்வேடாகக் கொடுத்தது 1929இல். தத்துவஞானிகளான ரசலும் மூரும் பரீட்சகர்கள்.

‘எல்லாவற்றிலும் வழக்கம்’ என்றதும் வாய் நீண்டுவிட்டது. மருத்துவம், இயற்கை விஞ்ஞானம், பொறியியல் போன்றவற்றில்தான் அது வழக்கம். வரலாறும் இலக்கியமும் படிக்கிறவர்கள் அந்த நாடுகளிலும் பெரும்பாலும் ஒரே நூலாகவே எழுதுகிறார்கள். புவியியல் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற பாடம். மண்ணையும் மழையையும் பார்ப்பவர்கள் கட்டுரைப் பக்கமும், மனிதரைப் பார்ப்பவர்கள் நூல் பக்கமும் போவார்கள்.

2024 பெப்ரவரி 18

என் விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாக அளந்துகொண்டிருப்பதாக ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியது. நான் அப்போது உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்கள் லயத்துக்குப் பின்னாலும் மேடுதான். எவ்வளவு மழை பெய்தால் ஓட வேண்டும்?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளைச் சொன்னேன்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் அவதானம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு. "யார் அளப்பது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என் ஆய்வு. தோட்டத்து அலுவலகங்களில் ‘மழைப் புத்தகம்’ என்று ஒன்று இருக்கும். தினமும் காலை எட்டரைக்கு ஒருவர் போய் மழைமானியைத் திறந்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அளவைப் பார்த்து எழுதிவைப்பார். சில தோட்டங்களில் தாத்தா காலத்துப் பேரேடுகள் இருக்கின்றன. பழைய பக்கங்கள் அங்குலத்தில், புதியவை மில்லிமீற்றரில். கறையான் தின்ற பக்கங்களும் உண்டு. அந்தப் பேரேடுகளைத் தேடி வட்டவளையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் அலைந்தேன். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்யும், வைகாசியில் தென்மேற்குக் காற்று வந்து மோதுகிற முகம் அது. ஊவாப் பக்கம் அந்த நேரத்தில் காய்ந்து கிடக்கும், அங்கே மழை மார்கழியில்தான். ஒரே மலைநாடு, இரண்டு பஞ்சாங்கம்.

சில இடங்களில் துரைமார் கதிரை போட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். சில இடங்களில் கேற்றுக்கு வெளியிலேயே பதில். ஒரு தோட்டத்தில் பேரேடு கேட்டதற்கு என்னைச் சம்பளக் கணக்கு பார்க்கவந்த தொழிற்சங்க ஆள் என்று நினைத்து அலுமாரியைப் பூட்டிவிட்டார்கள்.

முதல் கட்டுரை பேரேடுகளின் நம்பகத்தைப் பற்றியது. இரண்டாவது மழையும் சரிவும். மூன்றாவது லயத்து மக்கள் எச்சரிக்கையை எப்படிக் கேள்விப்படுகிறார்கள், கேட்டபின் ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்பது. (பெரும்பாலும் மாடு. மாட்டை விட்டுவிட்டு யார் போவார்கள்?) நாலாவது கைப்பிரதியாகவே இருந்தது. சுவீடனில் அச்சேறாத கைப்பிரதியையும் சேர்க்க விடுகிறார்கள். இதை உங்கள் நண்பர் சொல்லியிருக்கமாட்டார்.

2024 பெப்ரவரி 19

சிரிப்பதற்கு ஒன்று. மூன்றாவது கட்டுரையில் லயத்தை ஆங்கிலத்தில் நம் வழக்கப்படி ‘லைன்’ என்றே எழுதியிருந்தேன். ‘லைனில் வசிக்கும் 62 குடும்பங்கள்’ என்று வரும். மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார்: "இந்தக் கோடு இரண்டாவது வரைபடத்தில் காணப்படவில்லையே?"

இருநூறு வருடச் சரித்திரத்தை ஒரு அடிக்குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். நீளமாக இருக்கிறது, வெட்டுங்கள் என்றார்கள்.

2024 பெப்ரவரி 25

யார் பெயர் முதலில் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வழியில் போகிறவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை.

மலையகத்துக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காக: தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, இரண்டு கிலோ குறைந்துபோனாலும் அரைப்பேர்தான். "இன்றைக்குப் பேரா, அரைப்பேரா?" என்பதுதான் அம்மா வீட்டுக்குள் நுழையும்போது பாட்டி கேட்கும் முதல் கேள்வி.

ஒரே நூலாக எழுதினால் அட்டையில் ஒரு பெயர்தான், சண்டையில்லை. கட்டுரை என்றால் நாலைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். முதற்பெயர் முழுப்பேர், மற்றவை அரைப்பேர். ஆய்வேட்டுக் கோவையில் உள்ள கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு மாணவரே முதலாசிரியராக இருக்க வேண்டும் என்று துறைகள் எதிர்பார்க்கும். அத்தோடு ஒவ்வொரு கட்டுரையிலும் யார் என்ன செய்தார் என்று எழுதிச் சக ஆசிரியர்களிடம் கையொப்பம் வாங்க வேண்டும்.

நம் நாட்டில் ஓரிடத்தில் ஒரு பெரியவர், தன் அறையிலிருந்த வரைபடத் தரவைக் கொடுத்ததற்காக முதற்பெயரைக் கேட்டார். கட்டுரையில் அவர் செய்தது ஏழு காற்புள்ளிகள், எண்ணிப் பார்த்தேன். கொடுக்கமாட்டேன் என்றதும் தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார். அந்த வரைபடங்களை நானே கையால் திரும்ப வரைய நாலு மாதம் போனது. இடத்தையும் ஆளையும் கேட்காதீர்கள்.

2024 மார்ச் 2

பணம் பற்றி: சந்தாவில் ஓடும் பழைய பாணிச் சஞ்சிகைகள் எழுதுகிறவரிடம் பொதுவாகக் காசு கேட்பதில்லை. யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று திறந்து வைக்கும் பெயர்பெற்ற சஞ்சிகைகள் பலவற்றில் ஒரு கட்டுரைக்கு 2,000 டொலரைத் தாண்டும். நான் மூன்றையும் காசில்லாத பக்கமே கொண்டுபோனேன். அதனால் என் மாணவி என் கட்டுரையைப் படிக்க வேண்டுமானால் அவள் காசு கட்ட வேண்டும். பிரதியை நானே அனுப்பினேன் என்று வையுங்கள்.

2024 மார்ச் 3

"ஐந்து நாளில் ஏற்றித் தருகிறோம், 150 டொலர்" என்று வரும் மின்னஞ்சல்களைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தொடாதீர்கள். ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் இப்படிப்பட்டவற்றுக்குப் பட்டியல் போட்டுவந்தார். 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார், பழைய பிரதிகள் இன்னும் உலவுகின்றன. பட்டியலே தேவையில்லை. ஐந்து நாளில் கொழுந்துகூடத் திரும்பத் துளிர்க்காது.

2024 மார்ச் 10

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

முதல் குறிப்பில் நாலு கதவு, காவல்காரர் என்று பெருமை அடித்தேன் அல்லவா? அதே காவல்காரர்கள் என் இரண்டாவது கட்டுரையில் ஒரு பெரிய பிழையை உள்ளே விட்டார்கள். விட்டது மட்டுமா, அதைத்தான் மெச்சினார்கள்.

கட்டுரையின் கண்டுபிடிப்பு இதுதான்: சில சரிவுகளில் மண் இறங்கிய நாளில் மழை மிகக் குறைவு, ஆகவே அன்றைய மழையை மட்டும் வைத்து எச்சரிக்கை கொடுப்பது போதாது. மதிப்பாய்வாளர் இருவரும் ‘புதுமையானது’ என்று எழுதினார்கள். அச்சேறியது. நான் வரைபடத்தைப் பெரிதாகப் பிரதியெடுத்து, ஒரு தோட்டத்தில் மழைமானி பார்த்துவந்த முதியவரிடம் காட்டக் கொண்டுபோனேன். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் செம்பு உருளையைத் திறந்து மூடியவர் அவர். அலுவலகத்துப் பியூனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆங்கிலம் தெரியாது, எண்களும் தேதிகளும் தெரியும்.

வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வரைபடத்தில் மழையைக் காட்டிய ஒரு தூணில் விரலை வைத்தார். லயத்தின் பின்மேடு சரிந்து இரண்டு குசினியும் ஒரு கோழிக்கூடும் போன வாரம் அது. "டீச்சர், இந்த மழை சரிவுக்கு அடுத்த நாள் பெய்ததாகப் போட்டிருக்கிறீர்கள்."

"உங்கள் புத்தகத்தில் அந்தத் தேதியில்தானே எழுதியிருக்கிறது, ஐயா?"

"எழுதியது அன்றைக்கு. பெய்தது முதல்நாள் இரவு. குவளையை மூன்று தடவை நிரப்பி ஊற்றினேன். மேடு சரிந்தது அந்த இரவில்தான்."

எனக்குக் கை சில்லிட்டது. காலை எட்டரைக்கு அளக்கிற மழை முந்தைய நாள் எட்டரையிலிருந்து பெய்தது. அதை அளந்த தேதியில் எழுதுவதா, பெய்த தேதியில் எழுதுவதா? இவர் அளந்த தேதியில் எழுதினார். பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் பெய்த தேதியில் எழுதியிருக்கிறார். நான் எல்லாப் பேரேடுகளையும் ஒரே மாதிரி என்று எடுத்துக் கணினியில் கொட்டியிருந்தேன். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இது தெரியவே தெரியாது. ஒரே இரவைப் பார்க்கும்போதுதான் தெரியும். என் வரைபடத்தில் மண் முதலில் சரிந்து, மழை பிறகு வந்திருக்கிறது. அதுதான் என் புதுமை.

பேரேடுகளின் நம்பகம் பற்றி முதல் கட்டுரை எழுதியவளும் இதே நான்தான்.

2024 மார்ச் 11

"அச்சேறியதை என்ன செய்தீர்கள்?" என்று இரவோடிரவாக ஐந்தாறு பேர்.

சஞ்சிகைக்கு எழுதினேன். ஒவ்வொரு தோட்டமாகத் திரும்பப் போய், யார் எந்தத் தேதியில் எழுதினார் என்று கேட்டு, கணக்கை முதலிலிருந்து போட்டேன். ஒரு திருத்தக் குறிப்பு வெளிவந்தது. முடிவு முழுதாகக் கவிழவில்லை, முந்தைய நாட்களின் மழை முக்கியம் என்பது நின்றது. ‘மழை குறைந்த நாளில் சரிவு’ என்பதில் பெரும்பகுதி பறந்துவிட்டது.

கேள்வி கேட்ட பண்டாரவளை ஆசிரியரே, நீங்கள் ‘ஒரே நூல்’ என்றபோது நான் கேலி செய்தேன். கேலியில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். நூலாக எழுதுகிறவர் கடைசி வாரம் வரைக்கும் மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். எங்களுக்கு 2019இன் மடத்தனம் 2019 என்று தேதி போட்டே நிற்கும். கோவையில் அந்தக் கட்டுரையை அப்படியே வைத்து, பின்னால் திருத்தக் குறிப்பையும் வைத்து, முன்னால் கப்பாவில் ‘இங்கே நான் பிழைவிட்டேன்’ என்று விளக்கவும் வேண்டும்.

ஆனால் ஒன்று. நூலாக எழுதியிருந்தால் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த இஸ்தோப்புக்குப் போயிருப்பேனா? அச்சில் வந்தது என்ற பவுசில்தானே காட்டப் போனேன்.

2024 மார்ச் 17

கப்பா என்னவோ பத்துப் பக்க முன்னுரை என்று நினைக்கிறவர்களுக்கு: என்னுடையது 84 பக்கம், எழுதப் பதினொரு மாதம்.

நாலு கட்டுரைகளையும் சுருக்கி ஒட்டினால் கப்பா ஆகாது. முதல் வரைவை அப்படித்தான் கொடுத்தேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியும், இவை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்" என்றார். எனக்கே தெரியாதென்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கட்டுரையிலும் ஆய்வுப் பிரதேசத்தைப் பற்றி அதே ஒன்றரைப் பக்கம். அதே மலை, அதே பருவக்காற்று, நாலு தடவை. ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டபோது 41 வீதம் என்று சிவப்பில் காட்டியது. நான் களவெடுத்திருந்தது என்னிடமிருந்தேதான். அதற்கும் ஒரு விளக்கக் கடிதம்.

இன்னொன்று, கட்டுரையை அச்சிட்ட பதிப்பகத்தின் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெரிய பதிப்பகங்கள் பல, ஆய்வேட்டில் சேர்க்க ஆசிரியருக்கு அனுமதி தருகின்றன. சில எழுதிக் கேட்கச் சொல்லும். கடைசி மாதத்தில் கேட்கப் போனால் கடைசி மாதம் நீளும்.

இதெல்லாம் 2022இல். மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. மூன்றாவது கட்டுரையின் அச்சுப்படியை 48 மணி நேரத்துக்குள் திருத்தித் தரும்படி மின்னஞ்சல் வந்தபோது கணினியில் ஒன்பது வீதம் சார்ஜ் இருந்தது. ஹட்டனில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு போட்டோக் கடையில் கல்யாண அல்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. "என்ன பிள்ளை, பரீட்சையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

2024 மார்ச் 24

கொஞ்சம் திசை மாறுகிறேன், ஞாயிற்றுக்கிழமைதானே.

சுவீடனில் வாய்மொழிப் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பாக ஆய்வேட்டை ஊருக்குக் காட்ட வேண்டும். பழைய முறைப்படி அதை ஆணியால் பலகையில் அடிப்பார்கள். இப்போது எல்லாம் இணையத்தில் ஏறிவிடுகிறது, இருந்தாலும் பல இடங்களில் ஆணியும் உண்டு. என் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். வெளியே உறைபனி, விரல் விறைத்துவிட்டது, முதல் அடி விரலில். இரண்டாவது அடியில் ஆணி கப்பாவை ஊடுருவிப் பலகையில் இறங்கியது. ஐந்து வருட மழையை ஆணியடித்து நிறுத்திய மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது. அவர்கள் விரல் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

பரீட்சையில் எதிர்வாதி என்று ஒருவர் வருவார், பதவியின் பெயரே அதுதான். இரண்டரை மணி நேரத்தில் முக்கால்வாசி அந்தத் தேதிப் பிழையைப் பற்றியே கேட்டார்.

2024 மார்ச் 30

தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்யும் தங்கை ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார், பொதுவிலேயே பதில் சொல்கிறேன். உங்கள் துறையில் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். தமிழில் எழுதினால், வெளிநாட்டுக் குழுக்கள் கணக்கில் எடுக்கிற சஞ்சிகை அரிது. ஆங்கிலத்தில் எழுதினால் பாட்டுக்கு ஒரு பக்கம், மொழிபெயர்ப்புக்கு ஒரு பக்கம், விளக்கத்துக்கு ஒரு பக்கம், எட்டாயிரம் சொல் முடிந்துவிடும். ஒரு வாதத்தை ஆற அமர விரிக்க நூல்தான் சரி. பட்டம் பட்டம் என்று பதறவும் வேண்டாம். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்தர் வைத்திருந்தது லண்டன் விஞ்ஞானமாணி (பி.எஸ்சி.) பட்டம்.

(இதைப் படித்துவிட்டு ‘அந்தக் காலம் வேறு’ என்று எழுதப்போகிறீர்கள். தெரியும்.)

2024 ஏப்ரல் 7

மழைமானி ஐயாவின் பெயர் இரண்டாவது கட்டுரையில் இருந்ததா என்று ஒருவர் கேட்டார். இரண்டு வார்த்தைக் கேள்வி, ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

இருக்கவில்லை. ஆசிரியர் வரிசையில் ஐந்து பெயர்கள். நன்றியில் ‘தோட்ட அலுவலக ஊழியர்களுக்கு’ என்று ஒரு வரி. ஏழு காற்புள்ளிக்காரர் முதற்பெயர் கேட்டபோது கொதித்தவள், முப்பது வருடம் தினமும் அளந்தவரை மொத்த விலையில் நன்றி சொல்லி முடித்திருக்கிறேன்.

விதிகள் என் பக்கம் இருந்தன. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நாலு நிபந்தனைகளை மற்றத் துறைகளும் இரவல் வாங்குகின்றன: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், பொறுப்பேற்பது. தரவு சேகரித்தது முதலாவதில் சேரும். ஆனால் நாலும் வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் வரைவை எப்படித் திருத்துவார் என்று அன்றைக்கு நினைத்தேன். அதே குழு அதே இடத்தில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்றவற்றில் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டுமாம். நான் கொடுக்கவில்லை. உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் போதும், அந்தப் பிழை அச்சேறியே இருக்காது.

திருத்தக் குறிப்பில் பிழையைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைப் போட்டுத் தனியாக நன்றி சொன்னேன். பிரதியைக் கொண்டுபோய்ப் பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது பேரா, அரைப்பேரா?" என்று கேட்டார்.

அரைப்பேர் என்றேன். அதுவும் கூட்டிச் சொன்னது.

பட்டம் வாங்கிய பிறகு எழுதிய ஐந்தாவது கட்டுரையில் அவர் மூன்றாம் ஆசிரியர். வரைவை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்துக் காட்டினேன். நாலு இடங்களில் நிறுத்தினார், மூன்றில் அவர் சொன்னது சரி. சஞ்சிகையின் படிவம் மின்னஞ்சல் முகவரி இல்லாமல் நகராது, பேத்தி ஒன்று திறந்து கொடுத்தாள். ‘நிறுவனம்’ என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். "ஓய்வு" என்றார். அப்படியே போட்டிருக்கிறது.

2024 ஏப்ரல் 21

புத்தாண்டு முடிந்து திரும்பியாகிவிட்டது. பண்டாரவளை ஆசிரியருக்குக் கடைசியாக.

உங்கள் மூன்று கட்டுரைகளில் இரண்டில் நீங்கள் மூன்றாம் பெயர் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அப்படியானால் திரட்டிக் கொடுக்கும் வழி உங்களுக்குச் சரிவராது. இருப்பதில் ஒன்றை வைத்துக்கொண்டு, பரிசீலனையில் உள்ளதைச் சேர்த்து, இன்னும் இரண்டு எழுதுவதாகத் திட்டம் போட்டுப் புதிதாகப் பதியுங்கள். பதியும் முன் எழுத்தில் கேளுங்கள்: பதிவுக்கு முன் வெளிவந்ததைச் சேர்க்க விடுவார்களா, எத்தனையில் முதலாசிரியர், கைப்பிரதி ஏற்பார்களா, திருத்தக் குறிப்பு வந்த கட்டுரையை என்ன செய்வார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டால் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், கேளுங்கள்.

உள்நாட்டில் முயல்வதென்றால், இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், உங்கள் முதுதத்துவமாணி 11. ஒரு படிதான் இடைவெளி. ஆய்வேட்டின் வடிவத்தை அந்தந்த நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் பாருங்கள், நண்பரிடம் கேட்காதீர்கள். என்னிடமும் கேட்காதீர்கள்.

கப்பாவைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். ஒரு பிரதிதான் மிச்சம். பண்டாரவளைப் பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிடுகிறேன், ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் மேல்மூலையில் ஒரு துளை இருக்கும். பூச்சி அரித்ததில்லை, ஆணி.